ஃபிரிட்ஜ் கதவில் மூன்று கட்டம்

மகள் போட்டியில் தோற்று இரண்டு மாதம் ஆன பிறகு எங்கள் வீட்டு ஃபிரீசரில் ஐஸ் காணாமல் போக ஆரம்பித்தது. காலையில் டிரேயை இழுத்தால் காலி. மனைவி ஜூஸுக்கு எடுத்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன், நான் எடுத்திருப்பேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஐஸையெல்லாம் யார் விசாரிப்பார்கள்?

அந்தத் தோல்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்குப் பதினான்கு வயது, எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். மாவட்டப் போட்டியில் இரண்டாவது சுற்று வளைவில் பின்னால் வந்த பெண்ணின் கால் தட்டி விழுந்துவிட்டாள். எழுந்து ஓடினாள், கடைசியாக வந்தாள். ஆவடிக்குத் திரும்பும் ரயிலில் அழுதுகொண்டே வந்தாள். எனக்கு அழுகை என்றாலே ஆகாது. அம்பத்தூர் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். "அழுதது போதும். இதுல என்ன கத்துக்கிட்டே, அதைச் சொல்லு" என்றேன்.

இப்படிக் கேட்பது ஆபீஸ் பழக்கம். நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் டீம் கூடி வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் போடும்: எது நன்றாகப் போனது, எது சொதப்பியது, அடுத்து என்ன செய்யப் போகிறோம். இரண்டாவது கட்டத்தில் ஒன்றை எழுதினால் மூன்றாவதில் அதற்கு ஒரு தீர்வு எழுதியாக வேண்டும். சும்மா புலம்பக் கூடாது. அந்த வாரமே ஒரு சின்னப் பலகையை வாங்கி வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் அதை நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. தோற்றாலும் மனசு உடையாமல் இருக்க இதுதான் வழி என்றேன். தலையாட்டினாள். "வீட்டையும் ஆபீஸ் ஆக்கியாச்சா?" என்றாள் மனைவி.

முதல் ஞாயிறு மகள் இரண்டாவது கட்டத்தில் "பயமா இருக்கு" என்று எழுதினாள்.

"சரி, இதுக்கு என்ன செய்யப் போறே?" என்று கேட்டேன்.

மார்க்கரை மூன்றாவது கட்டத்தில் வைத்தாள், எடுத்தாள். பிறகு அந்த வரியை விரலாலேயே அழித்துவிட்டு, "வளைவில் உள்பக்கம் மாட்டிக்கொண்டேன்" என்று எழுதினாள். மூன்றாவதில் "முதல் இருநூறிலேயே முன்னால் போய்விட வேண்டும்". பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை போட்டோ எடுத்து அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஆவடி சேக்காட்டில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் என்னைப் போல வெளியூரிலிருந்து வேலைக்காக வந்தவர்கள், பிள்ளைகளைப் பற்றிய பயமும் என்னைப் போலவே. பலகை எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

அதன் பிறகு மகள் அழவே இல்லை. பள்ளிப் போட்டி ஒன்றில் நான்காவதாக வந்தபோதும் சிரித்துக்கொண்டே வந்து மூன்று கட்டத்தையும் நிரப்பினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் கொஞ்சமாவது பயந்திருக்க வேண்டும்.

ஐஸ் காணாமல் போனது அதற்குப் பிறகுதான். லிஃப்ட் ரிப்பேரான ஒரு வாரம், மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். ஸ்கூல் பையில் வலி ஸ்பிரே வாசனை அடித்தது. ஓடுகிற பிள்ளை, ஸ்பிரே இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், எனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தெரியாத மாதிரி இருப்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அவளுடைய கோச் உள்ளூர்க்காரர். காலையில் மைதானம், பிறகு ஸ்கூல் வேன் ஓட்டுவார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா ஓட்றப்போ எடது காலு ஒரு மாதிரியா கீது சார். ஊட்ல எதுனா சொல்லிச்சா?"

"ஒண்ணும் சொல்லலையே. போர்டுல கூட எழுதலை."

"இன்னா போர்டு?"

பெருமையாக விளக்கினேன். முழுசாகக் கேட்டார். "அதெல்லாம் எனுக்குத் தெரியாது சார். டாக்டராண்ட இட்டுகினு போய்க் காட்டிடுங்க" என்றார்.

டாக்டரிடம் போகவில்லை. அடுத்த வாரம் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி இருந்தது. அந்த ஞாயிறு, அவள் மார்க்கரும் கையுமாகப் பலகை முன்னால் நிற்கும்போது, "கால் வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தேர்வுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டியதும் கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. கிட்டே போனேன். இடது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை, ஆனாலும் சிரிப்பை நிறுத்தவில்லை.

ஸ்கேனில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் தெரிந்தது. "இது ஒரே நாள்ல வர்றதில்லை. மாசக்கணக்கா வலிச்சிருக்குமே, யார்கிட்டயும் சொல்லலையாம்மா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"வலிக்குதுன்னு ரெண்டாவது கட்டத்துல எழுதலாம். மூணாவதுல என்ன எழுதறதுன்னு தெரியல" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது, டிரேயில் இருந்த ஐஸெல்லாம் எந்தக் காலுக்குப் போனது என்பதும். அன்றைக்கே பலகையைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மனைவி தொட்டியின் மூடியைச் சாத்திவிட்டுப் போனாள், திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஓடாத அந்த மாதங்களிலும் அவளைத் தினமும் மைதானத்துக்கு வரச் சொன்னார் கோச். மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து முதல் நாளே அழுதுவிட்டாள். கூடப் போயிருந்த நான் அவளைச் சமாதானப்படுத்த எழுந்தேன். "அயுவட்டும், உடுங்க சார்" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அது.

டாக்டர் சரி என்ற பிறகு, மறுபடி ஓட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தினமும் எழுந்ததும் ஃபிரீசரைத் திறந்து பார்க்கிறேன்.

நேற்று ஒரு டிரே காலியாக இருந்தது. மனைவியைக் கேட்டேன். தான் எடுக்கவில்லை என்றாள்.

மகள் வாசலில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன். "வலிக்குதாம்மா?" என்றேன். பதில் சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லப்பா."

நான் அவளுடைய இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன். அவள் தடுக்கவில்லை.