கண்டக்டர் வீட்டுக் கிளுவை வேலி

பாப்பிரெட்டிப்பட்டியில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிற என்னிடம், வாசலை ரோட்டுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும் என்று வந்தார் அவர். ரிட்டயரான பஸ் கண்டக்டர். தோல்பை தொங்கிய தோள் இன்னும் சரிந்தே இருந்தது.

“வாய்ப் புத்துநோய் ஆபரேசன்ல சம்சாரத்துக்குப் பாதித் தாடைய எடுத்துட்டாங்க. வெயில்ல உக்காரணும்னு ஆசதான். ஆனா போறவங்க வர்றவங்க பாக்குறாங்கன்னு வூட்ட வுட்டு வரமாட்டேங்குறா.”

கிளுவை மரத்தில் வெட்டிய போத்துகளை நெருக்கி நட்டுக் கொடுத்தேன். நாலு போத்து நட்டதும் அவர் ரோட்டுக்குப் போவார். குனிந்து பார்ப்பார். பிறகு அங்கே கிடந்த கல்மேல் ஏறி, பஸ் ஜன்னல் உயரத்திலிருந்தும் பார்ப்பார். “உள்ள தெரியுதுங்களா?” என்று என்னையும் கேட்பார்.

மழைக்குப் பிறகு வேலி அடர்ந்தது. அந்தம்மா தினமும் நாற்காலி போட்டு உட்கார்வதாகப் போனில் சொன்னார். கோடையில் கிளுவை இலை கொட்டிவிடும் என்று நான் அவரிடம் சொல்லவேயில்லை. ஆளை மறைக்கக் கேட்டவருக்கு, காட்டில் ஆடு மறிக்க நடுகிற வேலியை நட்டிருக்கிறேன்.

பங்குனியில் அது உறைத்து, கோடையிலும் இலை நிற்கிற நொச்சி நாற்றுகளோடு ஓடினேன். வேலி வெறும் குச்சியாக நின்றது. இலை கொட்டியதும் உள்ளே போன அந்தம்மா, பிறகு வெளியே வரவேயில்லையாம். போன வாரம்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததாம்.

அவர் நாற்றுகளை இறக்கச் சொன்னார். நாலு நட்டதும் என்னையும் ரோட்டுக்குக் கூட்டிப்போய்க் கல்மேல் ஏறினார்.

“உள்ள தெரியுதுங்களா?”

காலி நாற்காலி தெரிந்தது.

“இல்லைங்க” என்றேன்.