முதுகில் ஆவி ஏறாத வால்வு

எங்கள் மாமா வாயைத் திறந்தால் பழவேற்காட்டுக் கரை வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் சத்தமே போடாத என்ஜின் ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று கிளம்பியபோது ஏரி நடுவிலிருந்த எங்கள் தீவே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். குக்கர் விசிலுக்கே தெருவுக்கு ஓடுகிற பெண்.

மாமா என் அம்மாவின் தம்பி. எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆலையை மூடியதும் ஊருக்குத் திரும்பினார். திரும்பியவர் எல்லோரையும் போல வலையைத் தொட்டாரா? இல்லை. காயலாங்கடையிலிருந்து ஒரு பழைய நீராவி என்ஜினையும் அதற்கொரு பாய்லரையும் விலைபேசி, படகில் ஏற்றிவந்து எங்கள் கொல்லையில் இறக்கினார். ஏரியில் இறாலுக்கு, எங்கள் பேச்சில் எறாவுக்கு, வலை கட்டியிருக்கும் இடங்களில் டீசல் என்ஜினை அணைத்துவிட்டுக் கோல் ஊன்றித்தான் போக வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. சத்தத்துக்கு எறா ஓடிவிடும். ஆவி என்ஜின் அதிராது, கத்தாது. அதை ஊர் ஒத்துக்கொண்டால் கோல் ஊன்றியே தோள்பட்டை இற்றுப்போகிற பிழைப்பு எல்லோருக்கும் ஒழியும் என்பது மாமாவின் எண்ணம். எண்ணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாய்லர் கொல்லைக்கு வந்த நாளிலிருந்து நான் ஆட்டுக்குத் தழை போடக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

என்ஜினுக்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓட வேண்டுமென்றால் ஆவி ஒருமுறை இந்தப் பக்கம் நுழைய வேண்டும், மறுமுறை அந்தப் பக்கம். அப்படி மாற்றி மாற்றி வழிவிடுகிற கதவைத்தான் மாமா ஸ்லைடு வால்வு என்பார். உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புக் கட்டி. தட்டையான தளத்தின் மேல் சறுக்கிச் சறுக்கி ஓட்டைகளைத் திறக்கும், மூடும். வந்த என்ஜினுக்கு அந்தக் கதவே வினையாக இருந்தது. ஆவி ஏற ஏற, அது வால்வின் முதுகில் ஏறி உட்கார்ந்து தளத்தோடு அழுத்திக்கொண்டது. கொல்லையில் முதல்முறை ஓட்டியபோது சக்கரம் முக்கி முனகிச் சிறிது சுற்றிவிட்டு நின்றுபோனது. வால்வை ஆட்டும் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கிற ஆணி வளைந்திருந்தது.

ஏன் நின்றது என்று அம்மா கேட்டதற்கு மாமா வாயால் பதில் சொல்லவில்லை. மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவளை உட்கார வைத்து, என்னைத் தள்ளச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துத் தள்ளியும் பெட்டி அசையவில்லை. அம்மாவை எழுந்திருக்கச் சொன்னார். பெட்டி சர்ரென்று ஓடியது.

"பாத்தியாக்கா? முதுவு மேல ஆள் குந்திக்கினா நகருமா? ஆள இறக்கிட்டா கொயந்த தள்ளினாகூட ஓடும்."

"நான் வெயிட்டுனு சொல்றதுக்கு இம்மாம் பெரிய என்ஜினாடா?" என்றாள் அம்மா.

அதன்பிறகு மாமா பொன்னேரியிலிருந்த ஒரு லேத் பட்டறைக்கு நடையாய் நடந்தார். வால்வின் முதுகில் ஒரு வளையம் பதித்து, அடியில் ஸ்பிரிங் வைத்து, அது வால்வுப் பெட்டியின் மேல்மூடியோடு எப்போதும் ஒட்டி நிற்கும்படி செய்தார். வளையத்துக்குள் ஆவி புகாது. தப்பித்தவறிப் புகுந்தாலும் வெளியேற ஒரு சின்னத் துளை. முதுகுப் பாரம் இறங்கிய வால்வு மேசை டிராயர் போல ஓடியது. சக்கரமும் சும்மா சுழன்றது. ஊர்க்காரர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு வந்து பார்க்கத் தொடங்கினார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வால்வை மாற்றியவர் வளைந்த ஆணியை மட்டும் மாற்றாமல், தட்டி நிமிர்த்தி அதையே மாட்டினார். இனிமேல் அதற்கு என்ன பெரிய வேலை என்று நினைத்திருப்பார்.

ஊர்ப் பெரியவர்களின் முன்னால் வலைகளை ஒட்டி ஓட்டிக் காட்டிவிட்டு, அப்படியே பழவேற்காட்டுக் கரைக்குப் போவது என்று முடிவாயிற்று. அம்மா காலையிலேயே அங்கே மீன் விற்கப் போயிருந்தாள். நைனா கடலில் இருந்தார். வீட்டில் தடுக்க ஆளில்லாத நாளாகப் பார்த்துத்தான் மாமா தேதி குறித்திருந்தார் என்பது என் சந்தேகம். பாய்லர் பாரத்தில் படகின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொண்டது. மணல் மூட்டை வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. முன்னே போ என்றால் போய், பின்னே வா என்றால் வருகிற மூட்டை வேண்டுமாம். அந்த மூட்டையாக நான் ஏற்றப்பட்டேன். மாட்டேன் என்று அழுதேன். "மாமா கீறேன் இல்ல?" என்றார். அவர் இருப்பதுதான் என் பயமே.

படகு நகர்ந்தது. புஸ், புஸ் என்று மூச்சு விடுகிற சத்தம் மட்டும். கழுத்தளவுத் தண்ணீரில் வலைக் கம்புகளைப் பிடித்து நின்றவர்கள் நாங்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கையை உயர்த்தி ஆட்டினார். மாமா வாழ்க்கையில் முதல்முறையாகக் குசுகுசுவென்று பேசினார்: "பாப்பா, ஒண்ணியும் கேக்கல இல்ல?" பாய்லரில் ஆவியின் அழுத்தம் காட்டும் வட்டத்தில் நடுங்கிக்கொண்டிருந்த முள்ளையே பார்த்தபடி நான் தலையாட்டினேன்.

பழவேற்காட்டுக்குப் போக, ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்கு உள்பக்கமாக ஆழமான ஓடை ஒன்றைத் தாண்ட வேண்டும். வலைகளைச் சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்ததில் நேரம் போய்விட்டது. நாங்கள் ஓடைக்கு வந்தபோது தண்ணீர் வற்றத் தொடங்கி, ஏரி முழுக்கக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நட்ட நடுவில், டங் என்று ஒரு சத்தம். ஆணி இரண்டாகத் தெறித்தது. வால்வு நின்றது, சக்கரமும் நின்றது. படகு மெல்லத் திரும்பிக் கடலைப் பார்த்தது.

மாமா கோலை எடுத்து ஊன்றினார். கோல் முழுக்க உள்ளே போய் அவர் கையும் நனைந்தது, தரை எட்டவில்லை. நங்கூரத்தைப் போட்டார். அது மணலை உழுதுகொண்டே எங்கள் கூடவே வந்தது. தூரத்தில் இரண்டு படகுகள் தெரிந்தன. மாமா தொண்டை கிழியக் கத்தினார். அதே நேரம் பாய்லரில் ஆவி மிஞ்சி, மிஞ்சியதை வெளியே விடுகிற மேல்வால்வு சீறத் தொடங்கியதால் அந்தக் குரலும் அமுங்கிப்போயிற்று. பழவேற்காடு வரைக்கும் கேட்கிற குரல் பக்கத்திலிருந்த எனக்கே கேட்கவில்லை. முன்னால் அலை உடைகிற வெள்ளைக் கோடு பெரிதாகிக்கொண்டே வந்தது. அங்கே கவிழ்ந்த படகுகளைப் பற்றி எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பேசவே மாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே என் பாவாடை நனைந்தது.

அப்போது மாமா செய்த காரியத்தைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குடிதண்ணீர்க் கேனை எடுத்து, மூடியைத் திறந்து, நல்ல தண்ணீர் முழுவதையும் ஏரியில் கொட்டினார். பயத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியை இறுக்கி, அந்தக் காலிக் கேனை என் முதுகில் வைத்து நைலான் கயிற்றால் மார்பைச் சுற்றி இழுத்துக் கட்டினார். வலிக்கிறது என்றேன். இன்னொரு முடிச்சுப் போட்டார்.

பிறகு என் காதில் வாயை வைத்துச் சொன்னார்: "நான் சுக்கான வுட்டா படகு குறுக்கால திரும்பிடும் பாப்பா. நீ இந்தக் கம்பிய இழு. சொல்லும்போது தள்ளு. வேற ஒண்ணியும் பாக்காத."

எந்தப் பாய்லரின் பக்கமே போகாமல் இருந்தேனோ அதற்கு ஒரு சாண் தள்ளி என்னை மண்டிபோட வைத்தார். தன் துண்டைத் தண்ணீரில் முக்கி என் கைகளில் சுற்றினார். சக்கரத்தைக் கையால் உருட்டிவிட்டு, ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு "இழு!" என்றார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். வால்வு வந்துவிட்டது! உள்ளே ஆவி மாறுகிற சத்தம் கேட்டது, பிஸ்டன் நகர்ந்தது. "தள்ளு!" தள்ளினேன். அவர் பழைய வால்வை அப்படியே விட்டிருந்தால் இரண்டு ஆம்பிளைகள் தொங்கினாலும் அது அசைந்திருக்காது. இதை நான் வெகுகாலம் கழித்துத்தான் யோசித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இழு, தள்ளு. கம்பி நுழைகிற இடத்தில் கசிந்த ஆவி மணிக்கட்டைச் சுட்டது. அழுதுகொண்டே இழுத்தேன், அழுதுகொண்டே தள்ளினேன். ஒருமுறை தாமதித்துவிட்டேன், சக்கரம் திணறிப் பின்னால் உதைத்தது. மாமா போட்ட கூச்சலில் மறுபடி பிடித்துக்கொண்டேன்.

மாமா சுக்கானை முறுக்கிப் படகின் முகப்பை ஏரிப் பக்கம் திருப்பினார். எதிர்த்து வந்த தண்ணீரில் படகு வெகுநேரம் நின்ற இடத்திலேயே நின்றது. அலைச் சத்தம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. பிறகு அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிற்று. மாமா கோலை ஊன்ற, அது தரையில் குத்தி நின்றது. அவர் தொண்டையிலிருந்து விசித்திரமான ஒரு சத்தம் வந்தது. புகையில் இருமுகிறார் என்று நினைத்தேன்.

அந்த என்ஜின் மறுபடி ஏரியில் இறங்கவில்லை. ஊர் ஒப்புதல் கொடுத்தும் மாமா அதைத் தொடவில்லை. பிற்பாடு காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நாங்கள் கோல் ஊன்றிப் பழவேற்காட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே அம்மா நின்றிருந்தாள். முகத்துவாரத்தில் ஒரு படகு இழுபடுவதைக் கரையே பார்த்திருக்கிறது. அதில் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மாமா இறங்குவதற்குள் கூடையால் அவரை அடித்தாள். "எங்கொயந்தய கொல்லப் பாத்தியேடா பாவி!" மாமா தலை குனிந்து நின்றார். எனக்கோ பயமெல்லாம் போய்ப் பெருமை வந்திருந்தது. வால்வை நான்தான் ஓட்டினேன் என்று கொப்பளித்த கையைக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு மாமாவுக்கு இன்னும் இரண்டு போட்டாள். இதுதான் சமயம் என்று என் புகாரையும் சேர்த்துச் சொன்னேன்.

"குடிக்கிற தண்ணிய மொத்தமா ஊத்திட்டாரும்மா. காலிக் கேன என் முதுவுல வச்சி எப்டி இறுக்கிக் கட்டிக்கீறாரு பாரு."

அம்மாவின் கை அப்படியே நின்றது. என்னைத் திருப்பி, கேனைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள்.

"வேற கேன் இருந்துச்சாடா படகுல?" என்று மாமாவைக் கேட்டாள்.

"இல்லக்கா."

அம்மா கூடையைக் கீழே போட்டாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தை ஜனம் பார்க்கிறது என்றுகூட இல்லாமல், மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒரு தண்ணிக் கேனுக்குப் போய் இப்படியா அழுவாள் என்று எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"கேன் ஒடையலம்மா, நல்லாத்தான் கீது" என்று சொல்லி, அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று முதுகைத் திருப்பிக் காட்டினேன்.