அம்மாக்கண்ணுவின் ஆயுதம்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணுவுக்குக் கோபம் வந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயமே அடங்கிப்போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில், விடியுமுன் வேலைக்குப் போகும் பாதையில் எவனோ அவள் காதுத் தோட்டைப் பறிக்கப் பார்த்தான். விளக்குப் போடச் சொல்லிக் கேட்டாள். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கப்பலில் வேலை பார்த்த தம்பி இருளப்பன் அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். பொத்தானை அழுத்தினால் சடசடவென்று நீல மின்பொறி பறக்கும். பட்டவன் சுருண்டு விழுவான்.

ஆயுத பூசை வந்தது. கவாத்துக் கத்திகளோடு அந்தப் பெட்டியையும் கோயிலில் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டாள். விருந்தாளியாக வந்திருந்த, பக்கத்து ஊர் தானா ராத்தாவின் போலீஸ் சார்ஜன் தோமஸ் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

"யாரோடது இது?"

"என்னோடதுதான். ஆயுதம்னா சாமிகிட்ட வைக்க வேணாமா?"

தோமஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, அமெரிக்காவுல பல ஊர்ல கடையிலயே விக்கிறான். இங்கிலாந்துல வெச்சிருந்தாலே குத்தம். இங்கயும் அனுமதி இல்லாம வெச்சிருக்கக் கூடாதுலா. நான் எடுத்துட்டுப் போறேன்."

"சட்டம் நாட்டுக்கு நாடு மாறட்டும் சார். எங்க பாதையில இருட்டு மாறலையே! எடுத்துட்டுப் போங்க. ஆனா நாளைக்குக் காலையில எங்ககூட அந்தப் பாதையில நடந்து பாருங்க."

மறுநாள் விடியுமுன் தோமஸ் அவள் சொன்னபடி வந்தார், கிராணியையும் இழுத்துக்கொண்டு. பாதி வழியில் கிராணி கால் இடறி ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார். தீபாவளிக்குள் பாதை நெடுக விளக்கு எரிந்தது.

அடுத்த ஆயுத பூசைக்கு அம்மாக்கண்ணு கோயிலில் எதையும் வைக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு நேரே பாதைக்குப் போய், முதல் விளக்குக் கம்பத்துக்குப் பொட்டு வைத்தாள்.