ஒரு கண்ணை மூடினேன்

கல்யாணமாகி நான் திருத்தணிக்கு வந்தபோது சீர்ப்பாத்திரங்களோடு ஒரு மஞ்சள்தூள் டப்பாவும் வந்தது. மேலே மஞ்சள், அடியில் காகிதத்தில் மடித்த மாத்திரை. பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. மாப்பிள்ளை வீட்டில் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எவன் கட்டுவான் என்று அம்மா ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, யார் கண்ணிலும் படாமல் முழுங்கிவிடு என்றாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டில் இரண்டு தறியில் லுங்கி நெய்தார்கள். ஒன்றில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் அத்தை, அதாவது அவருடைய அம்மா. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. எந்நேரமும் பக்கத்தில் ஆள் இருப்பார்கள். இவர்கள் எதிரே விழுந்துவிட்டால் மறுநாளே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் என்னைத் தின்றது. இரண்டு மாத்திரை போதாது என்று நானே மூன்றாக்கினேன்.

அப்புறம்தான் எல்லாம் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. அத்தைக்குப் பக்கத்தில் அரை ஜாண் தள்ளி, வெளுத்துப்போன இன்னொரு அத்தை. இவர் வாயைத் திறந்தால் அதுவும் திறக்கும், சத்தம் மட்டும் ஒன்று. சாயங்காலம் மலையில் விளக்கு போட்டால், அதற்கு மேலே அந்தரத்தில் இன்னொரு வரிசை விளக்கு தொங்கும். வலிப்பு வருகிறவர்களைப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பேய்தான் இப்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நிற்கிறது என்று நம்பினேன். அதை விரட்ட மாத்திரையை நாலாக்கினேன். நடந்தால் கால் தள்ளாடியது. "இன்னாடி, ஆடிகினு நடக்குற? புதுசா இன்னா மினுக்கு?" என்றார் அத்தை.

ஒரு கண்ணை மூடினால் பேய் போய்விடும் என்று தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு நூல் பிடிப்பேன், சோறு போடுவேன். யாராவது பார்த்தால் திறந்துகொள்வேன்.

சனிக்கிழமைதோறும் அரக்கோணத்திலிருந்து ஒரு பாய் வருவார். நூல் கொடுத்துவிட்டு நெய்த லுங்கியை எடுத்துப்போவார். ஐம்பது வயது இருக்கும். என்னைத் தங்கச்சி என்பார். வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்பார். ஒரு வாரம் நான் நீட்டிய செம்பு அவருடைய நிஜக் கைக்குப் பதில் பக்கத்தில் தெரிந்த கைக்குப் போய்விட்டது. தண்ணீர் முழுக்க லுங்கிக் கட்டின்மேல் கொட்டியது. அவர் சிரித்துக்கொண்டே துடைத்தார். அதிலிருந்து அவர் வந்தால் வாசற்படியிலேயே இடது கண்ணை மூடிக்கொண்டு செம்பை நீட்டுவேன்.

தறியிலிருந்து அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்றாவது வாரம் பாய் தெருமுனை தாண்டியதும் தறியை நிறுத்தினார்.

"அந்த ஆளாண்ட கண்ணு அடிக்கிறியா?"

என் வீட்டுக்காரர் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். கோபக்காரர் இல்லை. "தூசி உழுந்துச்சுன்னு சொல்லு. நான் நம்பிடுறேன்" என்றார். மூன்று வாரமும் பாய் வந்த நேரத்துக்குத் தூசி விழுமா? நிஜத்தைச் சொன்னால் நான் வலிப்புக்காரி. சொல்லாவிட்டால் கண்ணடிக்கிறவள். இரண்டில் எது என்னை வீட்டில் வைக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவரே ஒரு முடிவுக்கு வந்தார். தப்பு பாய் மேல், நான் விவரமில்லாதவள் என்று.

அடுத்த சனிக்கிழமை பாயை வாசலிலேயே நிறுத்தினார்கள். இனிமேல் இந்தப் படி ஏறாதீர்கள் என்றார் என் வீட்டுக்காரர். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்? நீயே சொல்லு தங்கச்சி."

இரண்டு பேர் நின்று கேட்பதுபோல் இருந்தது. நான் எந்தக் கண்ணையும் மூடவில்லை, வாயையும் திறக்கவில்லை. அவர் இறங்கித் தெருவோடு போனார், பக்கத்திலேயே அந்த வெளுத்த உருவமும் போயிற்று. விஷயம் தெருவில் பரவி, மற்ற தறி வீடுகளும் அவரை நிறுத்திவிட்டன.

நாலு போட்டும் பேய் போகவில்லையே என்று அன்றோடு மாத்திரையை அடியோடு விட்டேன். நாலைந்து நாளில் உருவங்கள் ஒன்றாயின. அதற்கு அடுத்த வாரம் நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து, அவர்கள் எதிரிலேயே விழுந்தேன். கண் திறந்தபோது அத்தை என் வாய் நுரையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். டப்பாவையும் காட்டினேன். அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பம். யாரும் என்னை அனுப்பவில்லை.

"அப்போ அந்தக் கண்ணு..." என்று ஆரம்பித்த அத்தை அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை அதிகமானதால்தான் கண் அப்படி ஆனது, திடீரென்று நிறுத்தியதால்தான் விழுந்தாய் என்று இரண்டுக்கும் திட்டினார். அளவாக எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது ஸ்டேஷனில் பாயைப் பார்த்தேன். நூல் கட்டுக்குப் பதில் சைக்கிள் டியூப் கட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு நடக்க ஆரம்பித்தார்.

போய் நிஜத்தைச் சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னான்னு போய் சொல்றது? வூட்டு விஷயம் ஊருக்குத் தெரியணுமா?"

நானே போயிருக்கலாம். வண்டி வர நேரமிருந்தது. எனக்குக் கூச்சம், ஆண்பிள்ளைகளிடம் பேசிப் பழக்கமில்லை என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது கூச்சமில்லை. அவரிடம் சொன்னால் எனக்கு வலிப்பு என்பது பிளாட்பாரத்தில் நிற்கிற நாலு பேர் காதிலும் விழுந்துவிடும். வண்டி வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.