துருக்காலம் ஏழாம் பாகமும் தம்பியின் மணிக்கட்டும்

‘துருக்காலம்’ படவரிசையின் ஏழு பாகங்களிலிருந்தும் தன் தம்பியை உயிரோடு வெளியே கூட்டிவந்தவள் கண்ணாடியக்கா. அந்த இரும்பு தின்னும் பூச்சிகள்கூட, திரையில் தலைகாட்டுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வரும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். ஐந்தாம் பாகத்தில் அவள் பாதி நேரம் தூங்கிவிட்டாள். பூச்சிகள் யாரையும் கேட்காமலே வந்துபோயின. மற்றபடி எல்லாம் நடந்தது நடந்தபடியே.

படத்தைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: வருங்காலத்தில் இரும்பைத் தின்னும் பூச்சிகள் பேருந்து அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. துப்பாக்கி, பீரங்கி எல்லாம் அவற்றுக்கு நொறுக்குத்தீனி. ஆகவே மனிதர்கள் சுரங்கங்களில் ஒளிந்துகொண்டு கண்ணாடி ஈட்டிகளால் சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு தலைவி. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு பாகம் வந்துகொண்டே இருக்கிறது. பூச்சிகளும் சாகவில்லை, தயாரிப்பாளர்களும் சலிக்கவில்லை.

கண்ணாடியக்காவுக்கு ஈட்டி கண்ணாடியில் இருப்பது தன் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை. கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸின் ஓரம் சீவி ஃபிரேமுக்குள் பொருத்துவது அவள் வேலை. சன்னல் இல்லாத அறை. சீவும் இயந்திரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளைச் சேறு நகக்கண்ணில் ஏறி, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. கல்யாணம் அவளுக்கு ஒத்துவரவில்லை. அவள் கல்யாணத்துக்கு ஒத்துவரவில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

பாகங்களை அவள் தரம் பிரிப்பதும் அந்த அறையிலிருந்துதான். பக்கத்து மருந்துக்கடைக்காரர், தெருவுக்கே ‘மாத்திரை’, கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு வம்புக்கு இழுப்பார். அவர் நான்காம் பாகத்தின் ஆள்.

“நாலாவதுல செத்துப்போன தலைவி திரும்பி வர்றா பாருங்க. தியேட்டரே எழுந்து நின்னுச்சு,” என்பார்.

“எழுந்து நின்னாங்களா, எழுந்து போனாங்களா? செத்தவ திரும்ப வருவான்னா, மூணாவது பாகத்துல நான் அழுத அழுகையை யார் திருப்பித் தர்றது?”

“அப்ப ரெண்டாவதுதான் உசத்தியா?”

“ரெண்டாவதுல அவ கையில ஒரே ஒரு ஈட்டி. எறிஞ்சா உடைஞ்சுபோயிடும். அதனால படம் முழுக்க எறிய யோசிக்கிறா. கையில ஒரே ஒரு லென்ஸ் இருக்கு, அதுவும் மாத்த முடியாத லென்ஸுன்னா எனக்கும் அப்படித்தான் கை நடுங்கும். மூணாவதுல மூட்டை மூட்டையா ஈட்டி வந்துடுச்சு. உடைஞ்சா யாருக்கு என்ன?”

ஐந்தாவது முழுக்க இருட்டு. வரைகலையின் ஓட்டையை மறைக்க விளக்கை அணைத்துவிட்டார்கள் என்பது அவள் தீர்ப்பு. ஆறாவது, இரண்டாவதையே பார்த்து எழுதிய பரீட்சைப் பேப்பர். இப்படி அவள் சொல்வதைத் தெருவில் பாதிப்பேர் படம் பார்க்காமலே ஒப்பிப்பார்கள். ஒரு பாகத்தைப் பற்றி அவள் பொய் சொன்னதில்லை. அதுதான் அவளிடம் இருந்த சொத்து.

தம்பி மின்தூக்கி பழுதுபார்ப்பவன். எல்லோருக்கும் ‘லிஃப்ட்’. நான்காம் பாகத்தில் கம்பி அறுந்து லிஃப்ட் பாதாளத்தில் விழும் காட்சியை மட்டும் அவனால் மன்னிக்க முடியாது. “அப்படி விழாதுக்கா. பக்கத்துல பிடிப்பான் இருக்கு, கவ்விக்கும்,” என்று தியேட்டரிலேயே சத்தமாகச் சொல்லி, முன்வரிசைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

முதல் பாகம் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. முதல் பூச்சி சுவரைப் பிளந்துகொண்டு வந்ததும் தம்பி ஓவென்று அழுதான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. இசை கனத்து அடிவயிற்றில் உறுமும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும், வரப்போகிறதென்று. மணிக்கட்டில் ஒரு அழுத்து. அவனுக்கு மீசை முளைத்த பிறகும், கல்யாணம் ஆன பிறகும் அந்த அழுத்து நிற்கவில்லை. எந்தப் பாகமானாலும் முதல்முறை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்பது என்பதும் யாரும் பேசி வைக்காமலே சட்டமானது.

ஏழாம் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மாலைக் காட்சிக்கு இரண்டு இருக்கை எடுத்துவைத்து, தியேட்டர் வாசலில் காத்திருந்தாள். ஃபோன் வந்தது.

“அக்கா, ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுபோச்சு. இப்ப வர முடியாது. ஞாயித்துக்கிழமை போலாம். நீ போயிடாத.”

“நான் எங்கடா போவேன்,” என்றாள்.

உண்மையாகத்தான் சொன்னாள். திரும்பி நடந்தாள்கூட. ஆனால் எதிரே காலைக் காட்சியை முடித்துவிட்டு மறுபடியும் பார்க்க வந்துகொண்டிருந்தார் மாத்திரை.

“என்ன, இன்னும் பாக்கலையா? யார் சாகறாங்கன்னு நாளைக்கு வந்து சொல்றேன்,” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

நாளை அந்த நிலையில் சாய்ந்துகொண்டு அவர் பேச, தான் வாயை மூடிக்கொண்டு லென்ஸ் சீவுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அரைமணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நுழைந்தாள். அரைமணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்தவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்.

பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தாள். ஒரு பெரியவர் குனிந்து, “இங்க யாராவது வர்றாங்களாம்மா?” என்றார்.

“தம்பி வருவான்,” என்றாள்.

இடைவேளையில் விளக்கு போட்டபோது பை அங்கே தனியாக உட்கார்ந்திருந்தது, வாய் திறந்து. அவள் அதன் ஜிப்பை இழுத்து மூடினாள்.

எல்லாவற்றையும்விட அவளைக் கூசவைத்தது வேறு. படம் பிரமாதமாக இருந்தது. அவள் முழுக்க முழுக்க ரசித்தாள். இரண்டாம் பாகத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் போலிருந்தது. அதனாலேயே சனிக்கிழமை மாத்திரை வந்து நின்று, “உள்ள உங்களைப் பாத்தேனே, எப்படி?” என்று கேட்டதும், இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், “ஏழுலயே கடைசி இதுதான்,” என்றாள்.

“அஞ்சாவதைவிடவா? தூங்கினீங்களே அதுல?”

“தூக்கமாவது வந்துச்சு அதுல.”

அவர் சிரித்துவிட்டுப் போனார். மாலைக்குள் தெருவே ஏழாவது குப்பை என்று ஒப்பித்தது. அவள் சீவிக்கொண்டிருந்த லென்ஸ் ஒரு மயிரிழை சிறுத்துப்போய், ஃபிரேமில் நிற்காமல் கழன்று விழுந்தது. அப்படி அவள் கையில் நடந்ததே இல்லை.

ஞாயிறு பகல் காட்சி. தம்பி முகம் மழித்து, சட்டை மாற்றி, சின்னப் பையன் மாதிரி வந்திருந்தான். “மாத்திரை ஏதாவது உளறினாரா?” என்றான்.

“அவர் பேச்சை யார் கேட்டா,” என்றாள். பார்க்காதவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாள் என்று யோசித்து யோசித்து அவள் முகம் பல்வலிக்காரி முகமாகியிருந்தது.

படம் தொடங்கியது. வயதாகிவிட்ட தலைவி, சுரங்கத்தில் தனியாக உட்கார்ந்து கடைசி ஈட்டியைத் துணியால் துடைக்கிறாள். இந்தக் காட்சிக்கு இசை கிடையாது. உறுமல் இல்லை, காற்றுச் சத்தம்கூட இல்லை. துணி கண்ணாடியில் தேயும் கீச்சு மட்டும். பிறந்ததிலிருந்து படம் பார்ப்பவனாலும் பூச்சி வரப்போவதை ஊகிக்க முடியாதபடி எடுத்திருந்தார்கள்.

கண்ணாடியக்காவின் கை தானாகப் போய்த் தம்பியின் மணிக்கட்டை அழுத்தியது.

அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையை எடுக்கவும் முடியவில்லை. தம்பி திரையைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் கையைப் பார்த்தான். அந்த நொடியில் தலைவியின் முதுகுக்குப் பின்னால் சுவர் வெடித்தது. தியேட்டர் முழுக்க அலறியது. அவன் மட்டும் அலறவில்லை. படத்திலேயே பெரிய அதிர்ச்சியை அவன் தன் அக்காவின் விரல்களைப் பார்த்தபடி கழித்துவிட்டான்.

இடைவேளையில் தேநீர் வாங்கிவந்து ஒன்றை அவளிடம் நீட்டினான்.

“யாரோட போன?”

“தனியாத்தான்டா.”

“எப்ப?”

“வெள்ளிக்கிழமை. நீ ஃபோன் பண்ணதுக்கப்புறம்.”

அவன் தலையாட்டினான். “என் சீட்டுல யாரு?”

“பை.”

“சரி,” என்றான். கொஞ்சம் குடித்தான். “அடுத்த பாதியில எங்கெங்க பிடிக்கணுமோ அங்கெல்லாம் பிடி. உனக்குத்தான் தெரியுமே.”

திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள்.  இரண்டாம் பாதி முழுக்கக் கைகளை மடியில் பையின் அடியில் பூட்டிவைத்துக்கொண்டாள். கடைசிப் பூச்சி தண்ணீரிலிருந்து எழும் இடம் நெருங்க நெருங்க விரல்கள் துடித்தன, அடக்கிக்கொண்டாள். பூச்சி எழுந்தது. தம்பி துள்ளிய துள்ளலில் மீதித் தேநீர் அவன் பேண்ட்டில் கொட்டியது. திரும்பி அவளைப் பார்த்தான். பிடித்தாலும் குற்றம், பிடிக்காவிட்டாலும் குற்றம் என்று உட்கார்ந்திருந்தாள் ஏழு பாகங்களின் காவல்காரி.

அவன் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட்காரன் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாது. வழக்கமாக ஒவ்வொரு மாடி வளைவிலும் நின்று எந்தப் பாகம் எத்தனையாவது இடம் என்று சண்டை போட்டுக்கொண்டே ஏறுவார்கள். வீட்டுக்குள் நுழைய அரைமணி நேரமாகும். இன்று எங்கும் நிற்காமல் ஏறினார்கள். இரண்டாம் வளைவில் மட்டும் அவன், “ரெண்டாவதுக்கு அடுத்தது இதுதான்,” என்று படிக்கட்டிடம் சொன்னான்.

“ஆமாடா,” என்றாள். கடையில் சொன்னது நினைவுக்கு வர, அடுத்த படிகளை வேகமாக ஏறினாள்.

கதவைத் திறந்த தம்பி மனைவி இருவர் முகத்தையும் பார்த்தாள். “என்ன அண்ணி, படம் அவ்வளவு மோசமா?”

தம்பி பேண்ட்டைக் கழுவக் குளியலறைக்குப் போனான். கண்ணாடியக்கா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாத்திரை சிரித்தது, பெரியவரிடம் தம்பி வருவான் என்றது, கடையில் கடைசி என்றது.

“இதுக்குப் போயா? இவர் எனக்குத் தெரியாம கடையில சாப்பிட்டுட்டு வந்து, பசியோட இருக்கற மாதிரி ரெண்டாம் தடவை உக்காந்திருக்கார்,” என்றாள் தம்பி மனைவி.

“சாப்பாடு வேறம்மா. அவன் சீட்டுல நான் பையை உக்காரவெச்சேன்.” நகக்கண்ணில் இருந்த வெள்ளையைச் சுரண்டினாள். “மாத்திரைகிட்ட நாளைக்குச் சொல்லிடறேன், பொய் சொன்னேன்னு. எட்டாவது வந்தா நீ போ அவன்கூட. ஆனா ஒண்ணு, பூச்சி வர்ற நேரத்துல கையைப் பிடிச்சுக்கோ. முதல் பாகத்துல எப்படி அழுதான் தெரியுமா? நான் மட்டும் பிடிச்சிருக்கலைன்னா எழுந்து வெளிய ஓடியிருப்பான்.”

ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி தம்பி வாசலில் வந்து நின்றிருந்தான்.

“அழுதது அவ,” என்றான் மனைவியிடம். “நான் கையை எடுத்துக்கலை, அவ்வளவுதான்.”