சீட்டில் வந்த அனனியா

தவக்காலம் தொடங்கினால் எங்கள் பங்குக் கோயில் மறைக்கல்வி வகுப்பில் சீட்டு எடுக்க வேண்டும். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் விவிலியத்தில் வருகிறவர்களின் பெயர்கள் சுருட்டிக் கிடக்கும். யார் பெயர் கைக்கு வருகிறதோ அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை ஈஸ்டருக்குள் நாமும் செய்துவிட வேண்டும். எங்கள் சிஸ்டர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், எஸ்தர் அரசி கிடைக்க வேண்டும் என்று ஓர் அருள்நிறைந்த மரியே செபம் சொல்லிவிட்டுத்தான் டின்னுக்குள் கையை விட்டேன். வந்தது அனனியா.

அனனியாவை யாருக்குத் தெரியும்? எஸ்தருக்குக் கிரீடம் உண்டு, யூதித்துக்கு வாள் உண்டு, தாவீதுக்குக் கவண் உண்டு. இவருக்கு ஒரு கைத்தடிகூட இல்லை. பேதுரு கிடைத்த பையன் அதற்குள் தோளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு சீட்டு கேட்டேன். சிஸ்டர் தரவில்லை, கதையைச் சொன்னார்.

சவுல் என்று ஒரு முரடர். இயேசுவை நம்பியவர்களைக் கட்டி இழுத்துப் போவதே அவர் வேலை. தமஸ்கு ஊருக்குப் போகும் வழியில் கீழே விழுந்து, கண் தெரியாமல் ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போ என்று ஆண்டவர் அனனியாவுக்குச் சொல்கிறார். அந்த ஆள் பொல்லாதவராயிற்றே என்று அனனியா ஆண்டவருக்கே துப்புக் கொடுத்துப் பார்க்கிறார். பலிக்கவில்லை. சரி என்று போகிறார். தலையில் கை வைத்து, சகோதரரே என்று கூப்பிடுகிறார். கண்ணிலிருந்து செதில் மாதிரி ஏதோ விழ, சவுலுக்குப் பார்வை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புகழெல்லாம் சவுலுக்கு. அனனியா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"நீ யாரப் பாத்து பயப்படுறியோ, அவங்ககிட்ட போ. அவ்ளோதான்," என்றார் சிஸ்டர்.

யோசிக்கவே தேவையில்லை. எனக்கு மாமாவைக் கண்டால்தான் பயம். அம்மாவின் ஒரே அண்ணன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு கோயில் திருவிழாவில், தேரை எந்தத் தெரு வழியாகத் திருப்புவது என்று பேச்சு முற்றி, குடித்திருந்த மாமா என் நைனாவைப் பிடித்துத் தள்ளிவிட்டார். தேர்ச் சக்கரத்தில் மோதி நைனாவின் நெற்றி கிழிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாமாவின் பேச்சை எடுக்கக் கூடாது.

இதில் மாட்டிக்கொண்டது என் தம்பியின் காது. ஈஸ்டர் முடிந்ததும் அவனுக்குக் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் வேதக்காரர், இந்து என்று இதில் வித்தியாசம் கிடையாது. அனந்தபுரத்தில் அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவர் இருந்தார். அவர் மடி போதும் என்று நைனா சொல்லிவிட்டார்.

"எங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல இன்னொருத்தர் மடியில வெச்சா, அவரு செத்துட்டாருன்னு நானே ஊருக்குச் சொல்ற மாதிரி," என்று அம்மா அழுதாள். நைனா ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படியே தினமும் நடந்தது.

அமாவாசையாகப் பார்த்து நான் கிளம்பினேன். அன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். நைனா காலையில் ஷேர் ஆட்டோவை எடுத்தால் சாயங்காலம்தான் சாப்பிட வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு, ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவே ரோட்டைக் கடந்து போனேன். பட்டறை பூட்டியிருந்தது. பின்னால் இருந்த வீடு திறந்திருந்தது.

உள்ளே பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா நாற்காலியில் தலையைச் சாய்த்து, இரண்டு கண்ணையும் மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போடாமல் வெல்டிங் வைத்ததில் கண் வெந்துபோய், சூடு இறங்க உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி இமைமேல் வைத்திருந்தார்கள். இதெல்லாம் பிறகு அத்தை சொல்லித்தான் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சவுல் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"யாரது?" என்றார் மாமா.

ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. கால் எழவில்லை, கை எழுந்தது. அவர் தலையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "சகோதரர் மாமாவே!" என்று கத்திவிட்டேன்.

மாமா பதறி எழுந்தார். வில்லைகள் இரண்டும் கழன்று கீழே விழுந்தன. சிவந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். செதில் விழுந்தேவிட்டது! சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

"தாய்மாமன போயி சகோதரர்ன்றாளே! அப்போ எம்புள்ள இவளுக்கு இன்னா முறை?" என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சே திரும்பியது. தம்பிக்குக் காது குத்தப் போவதையும், மாமாதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒப்பித்துவிட்டேன்.

"உங்க நைனா சொல்லி அனுப்ச்சாரா?"

ஆமாம் என்றால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அனனியா என்ற பெயரிலேயே இன்னொருவர் பொய் சொல்லி, நின்ற இடத்திலேயே செத்து விழுந்த கதையையும் சிஸ்டர் சொல்லித் தொலைத்திருந்தார்.

"இல்ல மாமா. நான் யாரப் பாத்து பயப்படுறனோ அவங்ககிட்ட போவச் சொன்னாங்க சிஸ்டர். எனக்கு உங்களப் பாத்தாதான் பயம்."

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. வெல்டிங் சூடு பொல்லாதது என்று நினைத்துக்கொண்டேன். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. "பஸ்ஸுங்க வரும், பாத்துப் போம்மா," என்று மட்டும் சொன்னார்.

விஷயத்தைக் கேட்ட அம்மா முதலில் முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் கட்டிக்கொண்டாள், அப்புறம் நைனாவை நினைத்துப் பயப்பட ஆரம்பித்தாள். நைனா வந்ததும் சோற்றுக்கு முன்னாலேயே ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "இவ இன்னிக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிட்டு வந்துட்டா. காதுகுத்துக்குக் கூப்ட்டாளாம்." அவ்வளவுதான். சொன்ன வேகத்தில் அடுப்படிக்குள் போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் நான் செபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நைனா வெகுநேரம் கை கழுவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன்.

"உங்க மாமனுக்குக் கண்ணு எப்டி இருக்குது? தெரியுதா?"

"தெரியுது நைனா! நான் கை வெச்சதும் உருளக்கெழங்கு விழுந்துச்சு!"

நைனா தட்டின் முன் உட்கார்ந்து, சோறு போடச் சொல்லி அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். அடுப்படியில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. அப்பாடா என்று நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நைனாவும் அம்மாவும் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு மாமா வீட்டுக்குப் போனார்கள். ஈஸ்டர் வாரத்தில் தம்பி மாமாவின் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினான். அவனைவிட மாமா அதிகமாக அழுதார். கண்தான் சரியாகிவிட்டதே, இப்போது எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

வெகுநாள் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சொன்னபடி கேட்டேன், பார்வை வந்தது, சண்டை தீர்ந்தது. சிஸ்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். மாமாவின் கண்ணைப் பற்றி அம்மா நைனாவிடம் மூச்சே விடவில்லை, ஆனாலும் அவர் முதலில் கேட்டது அதைத்தான் என்பது, கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுகிற நைனா, பட்டறைப் பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எங்கள் வீட்டில் மாமாவிடம் போகப் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.