அம்மன் முதலில் தந்த வெள்ளைப் பூ

1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் கணவரின் குரல் கம்மியது. அப்போது நாங்கள் குவைத்தில் இருந்தோம். அவர் அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஆசிரியருக்குத் தொண்டை கட்டுவது புதிதா என்று முதலில் இருவருமே சிரித்தோம். சாக்பீஸ் தூள் என்றார் அவர். மணற்காற்று என்றேன் நான். மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. கம்மல் போகவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று பிள்ளைகள் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்தவர் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அம்மனை நம்பி வாழும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அவள் என் கணவரின் உயிரைக் காத்துக் கொடுத்தாள். ஆனால் இந்த நன்றியில் கசப்பும் கலந்திருக்கிறது. கசப்பை வடித்துவிட்டு இனிப்பை மட்டும் படைப்பது அவளுக்கே பொய் சொல்வதாகும். ஆகவே நடந்தபடியே எழுதுகிறேன்.

அயல்நாட்டில் நோய் வந்தால் முதற்கவலை மருந்தைப் பற்றியதன்று. யாரை நம்புவது என்பதே. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே மருத்துவரிடம் போகும். நம் பக்கத்து மனிதர், நம் பேச்சு, தீபாவளிக்கு நம் வீட்டில் சாப்பிடுபவர். அவர் மருந்துப் புட்டிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார். தொண்டைக்குள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பள்ளி நூலகத்திலிருந்து மருத்துவ நூல் ஒன்றை எடுத்து வந்து படித்துவிட்டு, அரசாங்கப் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது.

தெரியாத இடத்தில் முதல் ஆறுதலாக ஒரு மலையாளச் செவிலி கிடைத்தாள். எங்கள் ஊரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"போடியா சேச்சி? எங்க அப்பச்சன் ஏலக்கா விக்க போடிக்குத்தான் வருவாரு. போடிமெட்டு மலைக்கு அந்தப் பக்கம் எங்க வீடு. பேடிக்கண்டா, பயப்படாதீங்க. இந்த டாக்டர் கொஞ்சம் கடுமையாப் பேசுவாரு, ஆனா கள்ளம் பேச மாட்டாரு."

மருத்துவர் எகிப்து நாட்டவர், வயதானவர். சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு எங்களை உட்கார வைத்து, மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். குரல்வளையில் புற்று. தொடக்க நிலை. கதிர்ச் சிகிச்சையை உடனே தொடங்கினால் உயிரும் தப்பும், பெரும்பாலும் குரலும் தப்பும்.

"என் சொல்லில் ஐயம் இருந்தால் வேறொருவரிடம் காட்டுங்கள். சோதித்த சதை ஒட்டிய கண்ணாடிச் சில்லை நானே தருகிறேன். ஆனால் காலத்தை மட்டும் வீணாக்காதீர்கள்."

தன் கணிப்பை இன்னொருவர் சரிபார்க்கட்டும் என்று சொல்லும் மருத்துவரை நம்பலாம் என்று எனக்கு அன்றே தோன்றியது. என் கணவருக்கோ வேறு எண்ணம் இருந்தது.

"அண்ணனைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன் கமலா. என்னை வளத்தவரு அவரு."

உண்மைதான். தந்தை இல்லாத குடும்பத்தில், போடிமெட்டுச் சரிவில் இருந்த ஏலத்தோட்டத்தை நம்பித் தம்பியைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர் அவர். கோடை விடுமுறைக்குப் பயணச்சீட்டும் எடுத்திருந்தோம். போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உடனே திரும்புவதாகப் பேச்சு. ஆனி மாதத்தில் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தோம்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கணவரின் மூத்த சகோதரரிடம், அதாவது மூத்தாரிடம், இளையவன் மனைவி நேரே பேசுவதில்லை. அவர் மனைவி செல்லம்மா அக்கா வழியாகத்தான் பேச வேண்டும். பக்கத்தில் அவர் நின்றாலும், "அக்கா, காப்பி வச்சிருக்கேன்னு சொல்லுங்க" என்பேன். அவரும் தன் மனைவியைப் பார்த்து, "எடுத்துட்டு வரச் சொல்லு" என்பார். இதில் பகை இல்லை, மரியாதைதான். அந்த மரியாதையின் விலை எனக்கு அப்போது தெரியாது.

செய்தியைக் கேட்ட மூத்தார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு செல்லம்மா அக்காவிடம் இரைந்தார்.

"சொல்லு அவகிட்ட. பாஷை தெரியாத ஊருல, மொகம் தெரியாதவன்கிட்ட எந்தம்பியை விட முடியாது. மேலத்தெருக் கொத்தனாரு அங்க செத்தானே, அவன் பொணமாச்சும் வந்துச்சா? நம்ம டாக்டரு இருக்காரு இங்க. நம்ம வீட்டுச் சோறு தின்னவரு."

முடிவு எட்டாதபோது எங்கள் குடும்பத்தில் அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே இலையில் மடித்துச் சந்நிதியில் வைப்பார்கள். ஒன்றை எடுத்துப் பிரிப்போம். வந்த நிறமே அவள் வாக்கு. ராசிங்காபுரத்துக்கு அருகில் உள்ள குலதெய்வத்தின் கோயிலுக்கு எல்லோரும் போனோம். வெள்ளை வந்தால் குவைத்துக்குத் திரும்புவது, சிவப்பு வந்தால் ஊரிலேயே பார்ப்பது என்று மூத்தாரே சொல்லிக் கும்பிட்டார். செல்லம்மா அக்கா எடுத்தாள். இலையைப் பிரித்தாள்.

வெள்ளை.

அம்மன் அந்தத் தெரியாத மருத்துவமனையைத் தன் கையால் சுட்டிக் காட்டிவிட்டாள் என்று கண்ணீர் வந்தது. மூத்தார் பூசாரியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஒங்கையி சரியில்லடி. காலையில எதைத் தொட்டுட்டு வந்த?"

"ஒங்களுக்கு இட்லி ஊத்துன கையிதான். திங்கையில சரியா இருந்துச்சுல்ல?"

"வாயை மூடு. பூசாரி, மறுக்கா கட்டுங்க. நானே எடுக்குறேன்."

பூசாரி தயங்கினார். "ஆத்தா சொன்னதுக்கப்பறம் மறுக்காக் கேக்குறது வழக்கமில்லையேப்பா." ஆனாலும் கட்டிக் கொடுத்தார். மூத்தார் தம் கையால் எடுத்தார். சிவப்பு வந்தது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகைக்கு முன்னால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

ஊர் மருத்துவர் டார்ச் விளக்கால் தொண்டையைப் பார்த்தார். ஊசி போட்டார். வாத்தியார்களுக்கு வரும் வீக்கம்தான் என்றார். குவைத்தில் சதை எடுத்துச் சோதித்துப் புற்று என்றார்களே, இங்கும் சோதிக்க வேண்டாமா என்று நான் கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. "குவைத்துல படிச்சுட்டு வந்திருக்கீங்களோ?" என்றார். மூத்தாருக்கு அது பெரிய நகைச்சுவையாகத் தோன்றியது. மலைக்காற்று நல்லது, வாயைத் திறக்காமல் ஓய்வெடுக்கட்டும் என்று எங்களைத் தோட்டத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆடி மழை, ஆவணி மழை, புரட்டாசிச் சாரல். தோட்ட வீட்டை ஒட்டியே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். காய் எடுப்பு தொடங்கியதும் அதன் வெப்பமும் புகையும் வீட்டுக்குள் வரும். உலகமே விரும்பும் அந்த மணம் என் கணவரை இருமச் செய்தது. இருமலில் ரத்தம் வந்தது. அதை எனக்குத் தெரியாமல் மழைத் தண்ணீரில் கழுவினார். நான் தெரியாதவளாக இருந்தேன். பள்ளி திறந்துவிட்டது, விடுப்பை நீட்டித்தோம். நாட்டைவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் விலகியிருந்தால் அங்கே எங்கள் குடியிருப்பு அனுமதி போய்விடும். அனுமதி போனால் அந்த மருத்துவமனையின் கதவும் எங்களுக்கு மூடிவிடும். இதையும் அக்கா வழியாகச் சொன்னேன். "பொழைச்சாப் பொழைப்பைப் பாத்துக்கலாம்னு சொல்லு" என்று பதில் வந்தது.

ஐப்பசியில் ஒரு பிற்பகல். சாப்பிட உட்கார்ந்த என் கணவர் கஞ்சியை விழுங்க முடியாமல் எழுந்தார். மூச்சை இழுக்கும்போது சீழ்க்கை போல ஓர் ஓசை வந்தது. கண்கள் பிதுங்கின. சற்றுப் பொறுத்து அடங்கியது. அடங்கியதும் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் வெளியே ஓடினேன்.

ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு கல் உண்டு. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அதற்கு மஞ்சள் பூசி, அம்மன் என்று கும்பிடுவார்கள். கால் முழுக்க அட்டை ஏறியது தெரியாமல் அந்தக் கல்லின் முன் மண்டியிட்டேன். "தாயே, இன்னொரு பூக் கேட்க நான் வரவில்லை. நீ முன்பே சொல்லிவிட்டாய். அவர் உயிரைக் கொடு. நீ சொன்னதைச் செய்து முடிக்கும் துணிவை எனக்குக் கொடு." இவ்வளவுதான் என் வேண்டுதல். குரலையும் காத்துக் கொடு என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

திரும்பி வந்தபோது மூத்தார் ஸ்டோர் வாசலில் காய்களைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்றாள். நான் அக்காவைப் பார்க்கவில்லை.

"நான் உங்ககிட்டத்தான் பேசுறேன்" என்றேன்.

அவர் திடுக்கிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "என்னடி இது, இவ என்கிட்டயா பேசுறா?"

"ஆமா, ஒங்ககிட்டத்தான். காது கேக்குதுல்ல? கேளுங்க" என்றாள் அக்கா.

"உங்க தம்பி எங்க சாகக்கூடாதுன்னு நீங்க பாக்குறீங்க. எங்க பொழைப்பாருன்னு நான் பாக்குறேன். நாளைக்கு நாங்க கெளம்புறோம்."

அவர் கை ஓங்கியதா, தலையைப் பிடித்துக்கொள்ளத்தான் உயர்ந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"மொதப் பூவை எடுத்தது நானு. ஆத்தா அன்னைக்கே சொல்லிட்டா. அவ சொன்னது புடிக்காம அவகிட்டயே பேரம் பேசுனது நீங்க. எங்கையி சரியில்லன்னு சொன்னீங்களே, இப்பச் சொல்லுங்க, யாரு கையி சரியில்ல?"

அவர் காய்களைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் காலையில் ஜீப்பு வந்து நின்றது. அவரே வரவழைத்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் தம்பியின் தலையைத் தம் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். போடி ரயில் நிலையத்தில், வண்டி நகரும்போது, முதன்முறையாக என்னிடம் நேரே பேசினார்.

"ஆத்தா, வெரசாக் கூட்டிட்டுப் போ."

குவைத்தில் அதே மருத்துவர். கண்ணாடியை விட்டுப் பார்த்தார். எடுத்து வைத்தார். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். கதிர்ச் சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது, குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டும், இனி அவர் கழுத்தில் இடும் துளை வழியாகத்தான் மூச்சுவிடுவார் என்றார். அந்த மலையாளச் செவிலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அறுவைக்கு அழைத்துச் செல்ல வந்தபோது என் கணவர் கடைசியாகத் தம் குரலில் என்னிடம் ஒன்று சொன்னார். பெரிய வார்த்தை எதுவும் இல்லை. "வீட்டுச் சாவி உன்கிட்டத்தானே இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன்.

அவர் பிழைத்தார். அதன் பின் செய்த சோதனைகளில் நோயின் தடம் இல்லை. அந்த நிலையில் வந்த எத்தனையோ பேர் பிழைப்பதில்லை என்று மருத்துவர் சொன்னார். என் வேண்டுதலை அம்மன் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினாள். உயிரைக் கேட்டேன்; தந்தாள். துணிவைக் கேட்டேன், தந்தாள். பேச முடியாத ஆசிரியரைப் பள்ளி சில காலம் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தது. பிறகு ஊர் திரும்பினோம்.

என் வாழ்வு மாறிவிட்டது. இன்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இன்னொருவர் வழியாகப் பேசுவதில்லை. மூத்தார் தினமும் வந்து தம்பியின் பக்கத்தில் உட்காருகிறார். இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். ஒருவரால் முடியாது, மற்றவர் பேசுவதில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், எந்த மருத்துவமனையை நம்பலாம் என்று கேட்டு என்னிடம் வருகிறார்கள். நம் ஊர்க்காரர், நம் சாதி, நம் பேச்சு என்று தேடாதீர்கள் என்கிறேன். உள்ளே பார்த்துச் சோதிப்பவரைத் தேடுங்கள், கேள்வி கேட்டால் முகம் இறுகாதவரைத் தேடுங்கள் என்கிறேன். அம்மனையும் கேளுங்கள். அவள் பதில் சொல்பவள்; அதை என் உயிரினும் பெரிதாக நம்புகிறேன். ஆனால் அவள் சொன்ன பிறகு உங்கள் அச்சத்துக்கு ஏற்றபடி அவளைத் திருத்தாதீர்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. காலம்தான் கோபித்துக்கொள்கிறது.

என் கணவர் என்னை அழைக்க வேண்டுமானால் எவர்சில்வர் தம்ளரை மேசையில் இரண்டு தரம் தட்டுவார். சமையலறையில் அந்த ஓசை கேட்டதும் கைகூப்பி அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போகிறேன். சில நாட்களில் அந்த நன்றி எனக்கு உடனே வருவதில்லை. அது வரும்வரை அடுப்பங்கரையிலேயே நிற்கிறேன். அவர் மறுபடி தட்டுவதற்குள் வந்துவிடுகிறது.